நேகம் என்கிற சொல்

கருநெல்லிக் குன்றத்துப் பள்ளியில் ஒரே ஒரு சொல் அந்துவரைச் சோறு உண்ணவிடாமல் செய்துகொண்டிருந்தது.

குன்றடியில் இருந்த கீழூரில் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். சொல் என்ன, தொண்டையில் சிக்கிய முள்ளா என்று கேட்டிருப்பார்கள். பள்ளியில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே ஏடு படித்தவர்கள் எல்லோருக்கும் என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு சொல் அப்படிச் சிக்கியிருந்தது.

அந்துவர் தலை நரைத்த பிறகு குன்றேறி வந்த மாணவர். அதற்கு முன்னால் துறைமுகத்தில் கப்பல் வணிகர்களுக்கு மொழி சொல்லும் வேலை பார்த்தார். வந்திறங்கியவன் ஒரு மொழியில் பேசுவான், வாங்க வந்தவன் இன்னொரு மொழியில் பேசுவான், நடுவில் இவர் நிற்பார். மிளகு என்றால் மிளகு, சந்தனம் என்றால் சந்தனம். எந்தச் சொல்லும் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்ததில்லை. மாலையில் மாலுமிகள் பாடும் பாட்டுகளுக்கு மட்டும் அவரால் மொழி சொல்ல முடியாமல் இருந்தது. சொற்கள் எல்லாம் தெரியும், சொல்லிப் பார்த்தால் பாட்டு இருக்காது. மனைவி இறந்து, மகளுக்குக் கல்யாணமும் முடிந்த பிறகு, அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று இங்கே வந்தார்.

துறவிகள் வாழும் அந்தப் பள்ளிக்குத் தலைவி ஒரு குரத்தியார். துறவு பூண்டு பாடம் சொல்லும் பெண்களைக் குரத்தி என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அந்துவரின் மகளைவிட அவருக்கு ஓரிரு வயது கூடுதலாக இருக்கலாம். முதல் நாள் அந்துவர் அவர் காலில் விழுந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. குரத்தியார் கை கொடுத்துத் தூக்க முடியாது, துறவுக்கு ஆகாது. எழுந்திருக்கும்வரை பொறுமையாக நின்றுகொண்டிருந்துவிட்டு, நாளையிலிருந்து உட்கார்ந்தபடியே வணங்குங்கள், போதும் என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. எந்தப் பாட்டை எடுத்தாலும் முதலில் பதம் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பதத்துக்கும் எத்தனை பொருள் உண்டோ அத்தனையும் சொல்ல வேண்டும். பிறகு முன்னோர் எழுதிய உரைகளைப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்பார்: இது யார் கூற்று? அதோடு அன்றைய பாடம் முடிந்துவிடும்.

அந்துவர் வேகமாகக் கற்றார். வடநாட்டு மக்கள் பேசும் பாகதம் அவருக்குத் துறைமுகத்திலேயே பழக்கம். சில வருஷங்களில் வடக்கிலிருந்து வந்த பெரிய பெரிய நூல்களை எல்லாம் தமிழாக்கினார். அவருடைய உரைகளைப் படி எடுக்க வெளியூர்ப் பள்ளிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு சொல்லுக்கு அந்துவர் என்ன பொருள் சொல்கிறார் என்று கேட்டுவிட்டு வா என்று ஆசிரியர்களே மாணவர்களை அனுப்பினார்கள்.

அப்படிப்பட்டவரைத்தான் சேந்தனின் பாட்டு மடக்கிப் போட்டது.

சேந்தன் கீழூர் எயினியாரின் ஒரே மகன். இதே பள்ளியில் படித்தவன். துறவு மேற்கொண்டு, வடதேசத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தான். போனவனைப் பற்றி நல்லபடியாகவே சேதி வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு கோடைக்காலத்தில் அவனோடு இருந்த துறவி ஒருவர் குன்றுக்கு வந்தார். சேந்தன் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டதாகச் சொன்னார். கடைசியாக அவன் ஒரு பாட்டுக் கட்டிப் பாடியதாகவும், அதை அவன் அம்மாவிடம் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. சேந்தன் பாடியது பாகதத்தில். சுற்றியிருந்தவர்களுக்கு அதுதான் தெரியும். அவர்கள் வாயில்தான் பாட்டு ஊர் வந்து சேர வேண்டும்.

பாட்டு இரண்டே அடி. வந்தவர் அதைப் பாடிக் காட்டிவிட்டு, மழைக்காலம் தொடங்குவதற்குள் திரும்ப வேண்டுமென்று போய்விட்டார்.

சேந்தனின் நினைவாகக் குன்றின் அடியில் ஒரு கல் நிறுத்துவது என்று பள்ளியார் முடிவு செய்தார்கள். எயினியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கல்லில் பாட்டைத் தமிழில் வெட்ட வேண்டும். அவருக்கு எழுத்துத் தெரியும், வடமொழி எதுவும் தெரியாது. மகன் தனக்குச் சொன்னதை இன்னொருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தானே வாசிக்க வேண்டும் என்றார்.

குரத்தியார் அந்த வேலையை அந்துவரிடம் கொடுத்தார். ஒரு மாலைப் பொழுதுக்குக்கூட வேலையில்லை என்று அந்துவர் நினைத்தார்.

பாட்டின் முதல் சொல் 'அம்மோ'. அதில் சிக்கல் இல்லை. கடைசி அடியிலும் சிக்கல் இல்லை. சுடர் எங்கே போயிற்று என்று தேடாதே என்பது அதன் பொருள். நடுவில்தான் அந்தச் சொல் இருந்தது. விளக்கில் 'நேகம்' தீர்ந்துவிட்டது என்று பாடியிருந்தான் சேந்தன்.

பாகதத்தில் நேகம் என்றால் எண்ணெய். நேகம் என்றால் அன்பும்கூட.

அந்துவர் முதலில் எண்ணெய் என்று எழுதினார். விளக்கு என்று இருக்கிறது, சுடர் என்று இருக்கிறது, நடுவில் இருப்பது எண்ணெய்தானே? எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தார். எண்ணெய் தீர்ந்தது, விளக்கு அணைந்தது. இதைச் சொல்லவா ஒருவன் கடைசி மூச்சைச் செலவழிப்பான்? சமையற்கட்டில் நின்று சொல்வதுபோல் இருந்தது. அடித்தார்.

பள்ளியில் மூத்த உரையாசிரியர் லோகபாலர். அவர் அடுத்தவர் ஏடு என்றுகூடப் பார்க்காமல் எடுத்துப் படித்துவிட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். பாடியவன் துறவி. துறவியின் கடைசி நிலை பற்று அற்ற நிலை. அன்பு என்பதும் பற்றுதான். அன்பு தீர்ந்தது, பிறவி என்கிற சுடர் அவிந்தது, இதுதான் பொருள். கல்லில் அப்படியே வெட்டுங்கள், இந்தப் பள்ளியில் படித்தவன் எவ்வளவு உயரம் போனான் என்று வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றார். ஆதாரமாக அவர் காட்டிய உரைகளில் ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியவில்லை.

அந்துவர் அதையும் எழுதிப் பார்த்தார். அம்மா, அன்பு தீர்ந்துவிட்டது. எழுதியதும் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். எயினியார் குன்றடியில் நின்று, விரலால் எழுத்துக் கூட்டி இதை வாசிப்பார் என்று நினைத்ததும் அந்த ஏட்டைத் தள்ளி வைத்தார்.

நேயம் என்று எழுதலாமா என்று பார்த்தார். பழைய தமிழில் அந்தச் சொல்லுக்கும் இரண்டு பொருளும் உண்டு. ஆனால் எண்ணெய் என்ற பொருள் பண்டிதர்களுக்கு மட்டும்தான் கேட்கும். எயினியாரின் காதில் அன்பு ஒன்றுதான் விழும். லோகபாலர் சொன்ன அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். நேகம் என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாமா என்றும் நினைத்தார். பசித்தவருக்கு மூடி திறக்காத பானையைக் கொடுப்பதுபோல் அது அவருக்குப் பட்டது.

பிறகு உரை எழுத ஆரம்பித்தார். எண்ணெய் என்பதற்கான காரணங்கள், அன்பு என்பதற்கான காரணங்கள், மறுப்புகள், மறுப்புக்கு மறுப்புகள். இரண்டடிப் பாட்டுக்கு ஏட்டுக்கட்டு கனத்துக்கொண்டே போனது. கனக்கக் கனக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. கல் தச்சர் கல்லை இழைத்து முடித்துவிட்டு, எழுத்து எப்போது வரும் என்று ஆள் அனுப்பிக் கேட்டார். மறுபடியும் ஆள் அனுப்பினார். பிறகு தானே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அவர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் காலையில் அந்துவர் ஏட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு குரத்தியாரிடம் போனார். குரத்தியார் குகை வாசலில், சிற்றுயிர் எதுவும் நசுங்காதபடி மயிற்பீலியால் தரையைத் தடவிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

"அடிகள்தான் சொல்ல வேண்டும்" என்றார் அந்துவர். "எண்ணெயா, அன்பா? எது சரி?"

குரத்தியார் ஏட்டுக்கட்டை வாங்கவில்லை.

"இது யார் கூற்று?"

"சேந்தன் கூற்று."

"யாருக்குச் சொன்னது?"

"தாய்க்கு."

"இந்த உரை?"

அந்துவர் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். லோகபாலருக்கு என்று சொல்ல வாய் வந்தது. வெளியூர்ப் பள்ளிகளுக்கு என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லாமல், "எனக்கே தெரியவில்லை, அடிகள்" என்றார்.

குரத்தியார் எழுந்து நீர்க் குடுக்கையை எடுத்துக்கொண்டார். "கட்டை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். கீழூர் போகலாம்."

அந்துவர், இன்னும் மொழிபெயர்ப்பு முடியவில்லையே, எதைச் சொல்லப் போகிறோம் என்று கேட்டார். ஏட்டையாவது கொண்டுவருகிறேன் என்று கெஞ்சினார். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குரத்தியார் முன்னால் நடந்தார்.

இறங்கும்போது அவர் வழியில் எறும்புச் சாரை குறுக்கே போனால் நின்று, அது கடந்த பிறகு நடந்தார். அந்துவர் பின்னாலேயே போனார். துறைமுகத்தில் எத்தனையோ முரட்டு மாலுமிகளுக்கு நடுவில் நின்று பேசியவர் அவர். ஒரு கிழவியின் வீட்டுக்குப் போக இப்படி நடுங்குவோம் என்று அவர் நினைத்ததே இல்லை. போகும் வழியிலேயே ஒரு சமாதானமும் செய்து பார்த்தார். எண்ணெய் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். பொய்யில்லை. நிகண்டில் இருக்கிறது. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சேந்தன் சொன்னதில் பாதியைத் தான் எடுத்து வைத்துக்கொண்டது தனக்குத் தெரியுமே என்று தோன்றியது. சமாதானம் அங்கேயே நின்றுவிட்டது.

எயினியார் வீட்டு முற்றத்தில் மொச்சையை உரித்துக்கொண்டிருந்தார். உயரமான, எலும்பான உடம்பு. குரத்தியாரைப் பார்த்ததும் எழுந்து வணங்கினார். அந்துவரை யாரென்று கேட்டார். பாட்டைத் தமிழ்ப்படுத்துகிறவர் என்று குரத்தியார் சொன்னதும், எயினியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மொச்சைச் சுளகை ஓரமாகத் தள்ளினார்.

குரத்தியார் தரையைத் தடவிவிட்டு உட்கார்ந்தார். முன்னுரை எதுவும் சொல்லவில்லை. வடக்கிலிருந்து வந்த துறவி பாடிக் காட்டியது எப்படியோ அப்படியே, அதே இழுப்போடு, பாகதத்தில் அந்த இரண்டடியைப் பாடினார்.

எயினியார் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும், "முதலில் வருகிறதே, அது நானா?" என்று கேட்டார்.

"ஆம். அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்."

"இன்னொரு தடவை."

குரத்தியார் மறுபடியும் பாடினார். எயினியார் முதல் சொல்லோடு நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் அந்த ஒரு சொல்லோடேயே இருந்தார். பிறகு மீதியையும் கேட்டார். பிறகு அந்துவரைப் பார்த்துத் திரும்பி, மிச்சத்தில் என்ன சொல்கிறான் என்றார்.

அந்துவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதில் உரையாசிரியர்களிடையே இரு வேறு கருத்துகள் உண்டு என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தபடியே எயினியாரின் முகத்தைப் பார்த்தவர், அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று மறந்துபோனார்.

"நான் ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்" என்றார் எயினியார். "என்மேல் அன்பு தீர்ந்துபோய்விட்டது என்று சொன்னானா? பள்ளியில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று காதில் விழுந்தது. பெருமையாகப் பேசிக்கொள்கிறார்களாம்."

அந்துவர் குரத்தியாரைப் பார்த்தார். குரத்தியார் முற்றத்து ஓரத்தில் மேய்ந்த குருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. ஏடும் கையில் இல்லை. அந்துவர், துறைமுகத்தில் நின்ற காலத்தில் பேசுவதுபோல், உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த மொழியில் நேகம் என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு எண்ணெய் என்றும் பொருள், அன்பு என்றும் பொருள். உங்கள் மகன் அந்தச் சொல்லைப் போட்டுத்தான், விளக்கில் அது தீர்ந்துவிட்டது என்று பாடியிருக்கிறார். இரண்டில் எதை நினைத்துப் பாடினார் என்று நான் இத்தனை நாளாகத் தேடுகிறேன், எனக்குத் தெரியவில்லை.

"எண்ணெய்க்கு அந்த மொழியில் வேறு சொல்லே கிடையாதா?" என்று கேட்டார் எயினியார்.

"இருக்கிறது. தெல்லம் என்பார்கள். அது எண்ணெய் மட்டும்தான்."

"அன்பு, பற்று, அதற்கு?"

"ராகம் என்று இருக்கிறது. துறவிகள் விட வேண்டும் என்று சொல்வது அதைத்தான்." சொல்லிக்கொண்டே வந்த அந்துவர் சற்று நிறுத்தினார். விரலை மடக்கி அடியின் அளவைப் பார்த்தார். "இரண்டு சொல்லுமே அந்த இடத்தில் பொருந்தும். ஓசை கெடாது. எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்." அவர் குரல் தாழ்ந்தது. "இரண்டையும் போடாமல் இதைப் போட்டிருக்கிறார்."

அவ்வளவு பெரிய ஏட்டுக்கட்டில் இந்த ஒன்றை அவர் எழுதவே இல்லை. எழுதிய சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதாமல் விட்ட சொற்களைக் கேட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

எயினியார் உரித்த மொச்சையை உள்ளங்கையில் எடுத்து மறுபடியும் சுளகில் விட்டார். பிறகு, யாரைப் பார்த்தும் இல்லாமல், அவன் போன அன்று நடந்ததைச் சொன்னார்.

சேந்தன் துறவுக்குக் கிளம்பிய அன்று அவருக்கு ஆற்ற முடியாத கோபம். இருக்கிற ஒரே பிள்ளை. முகம் கொடுக்காமல் சுளகைத் தட்டிக்கொண்டு இதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் வாசலில் வந்து நின்றான். எவ்வளவோ நேரம் நின்றான். பொய் சொல்வதில்லை என்று அவன் அப்போதே மனத்தில் உறுதி எடுத்திருந்தான். வருகிறேன் என்று சொன்னால் அது பொய். அவன் வரப்போவதில்லை. போகிறேன் என்று சொன்னால் பெற்ற வயிறு தாங்காது.

"கடைசியில் என்ன கேட்டான் தெரியுமா?" என்றார் எயினியார். "அம்மா, வரட்டுமா என்று கேட்டான். கேள்வியில் பொய் ஏது?"

அந்துவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொய்யும் சொல்லாமல், என்னையும் நோகடிக்காமல், அப்படி ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான் பிள்ளை. நான் பதில் சொல்லவில்லை. போய் வா என்று வாய் திறந்து ஒரு சொல், அவ்வளவுதான் வேண்டும். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போய்விட்டான். அவனுக்கா அன்பு தீர்ந்தது? அன்றைக்கு என் நெஞ்சில்தான் ஈரம் இல்லாமல் போனது."

அவர் அழவில்லை. அழுது முடித்தவர் குரலில்தான் இதைச் சொன்னார்.

அந்துவர் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. அவர் உதடுகள் அசைந்தன. ஈரம் என்று ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். திரியில் இருப்பதும் அதுதான். நெஞ்சில் இருப்பதும் அதுதான். பிறந்தது முதல் பேசிவந்த சொல். எந்த உரையிலும் அதைத் தேடிப் போகவில்லை அவர்.

"நான் தமிழில் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

எயினியார் தலையசைத்தார்.

அந்துவருக்குப் பாட வராது. மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, விளக்குத் திரியில் ஈரம் தீர்ந்தது. சுடர் எங்கே போயிற்றென்று தேடாதே."

எயினியார் வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. வெயில் விழுந்து கிடந்தது. ஆனால் அவர் பார்த்த விதத்தில் அந்துவரும் தன்னை அறியாமல் திரும்பிப் பார்த்தார். எயினியார் கைகளைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"சரி அப்பா" என்றார். "போய் வா."

பிறகு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன. வெகு தூரத்திலிருந்து தூக்கிவந்த தண்ணீர்க்குடத்தை இறக்கியவர்போல் நீளமாக ஒரு மூச்சு விட்டார். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்தவர் வேறு ஆளாக இருந்தார். இவர் முகம் என்ன இப்படி ஒட்டிக் கிடக்கிறது, பள்ளியில் சோறு போடுவதில்லையா என்று குரத்தியாரிடமே கேட்டார். நாளுக்கு ஒரே வேளை உண்ணும் குரத்தியார் அன்றைய உணவை முடித்துவிட்டதால் அவரை வற்புறுத்தவில்லை. அந்துவருக்குக் கம்பஞ்சோறும் மோரும், வெந்த மொச்சையும் கொண்டுவந்து வைத்தார்.

அந்துவர் முதலில் தயங்கினார். ஒரு கவளம் உள்ளே போனதும் பசி என்னவென்று நினைவுக்கு வந்தது. எயினியார் பக்கத்தில் உட்கார்ந்து மேலும் மேலும் போட்டார். போட்டுக்கொண்டே சேந்தனைப் பற்றிப் பேசினார். மொச்சை என்றால் அவனுக்கு உயிர் என்றார். திருடித் தின்பான், கேட்டால் ஒத்துக்கொள்வான், பொய் மட்டும் வராது என்று சொல்லிச் சிரித்தார். அந்த வீட்டில் அவன் பெயர் சிரிப்போடு சொல்லப்பட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று அந்துவர் நினைத்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது. குரத்தியார் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

கிளம்பும்போது எயினியார், கல்லில் வெட்ட வேண்டியது இதுதானே என்று கேட்டு, இரண்டடியையும் பிசகாமல் திருப்பிச் சொன்னார். அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு இருவரும் குன்றேறினார்கள். காலையில் இறங்கிய அதே வழிதான். அந்துவருக்கு மூச்சு வாங்கியது, மனம் மட்டும் லேசாக இருந்தது. பாதித் தூரம் ஏறியதும் ஒரு பாறை நிழலில் நின்றார்கள். அங்கிருந்து கீழூர் முழுவதும் தெரிந்தது. சமையல் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அந்துவர் பழைய பழக்கத்தில் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ஈரம் என்று வெட்டினால் லோகபாலர் சும்மா இருப்பாரா என்று கேட்டார். எந்த நிகண்டிலும் நேகத்துக்கு ஈரம் என்று பொருள் சொல்லவில்லையே என்பார்.

"சொல்லட்டும்" என்றார் குரத்தியார். "கல்லுக்கு அவர் உரை எழுதட்டும். நல்ல உரையாகத்தான் இருக்கும். நானும் படிப்பேன்."

அந்துவர் சிரித்தார். இருந்தும் அவர் மனத்தில் ஒன்று மிச்சமிருந்தது. துறைமுகத்திலிருந்து இங்கே வந்த நாள் முதல் உள்ளே கிடந்த கேள்வி அது. குடுக்கையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்.

"அடிகள், எண்ணெய் என்று அவர் நினைத்தாரா, அன்பு என்று நினைத்தாரா என்று எனக்கு இப்போதும் தெரியாது. தெரியாமலேயே சொல்லிவிட்டேன். நான் செய்தது சரியான மொழிபெயர்ப்புதானா?"

குரத்தியார் பீலியால் படியைத் தடவி, அடுத்த அடி எடுத்து வைத்தார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"போய் வா என்றாரே எயினியார். உங்களைப் பார்த்தா சொன்னார்?"